மனத்தைப் பற்றிய பாடமும் மாணவரின் மனமும்

பதினொன்றாம் வகுப்பிலோ கல்லூரியின் முதலாண்டிலோ உளவியலை விரும்பி எடுக்கும் மாணவ மாணவியர் இன்று நாடெங்கும் உள்ளனர். 'கடினமான சமன்பாடுகள் இல்லை; நம் மனத்தைப் பற்றித்தானே படிக்கப் போகிறோம்; எளிதில் மதிப்பெண் பெற்றுவிடலாம்' என்ற எண்ணத்துடனேயே பலரும் இதனைத் தேர்ந்தெடுக்கின்றனர். முதல் சில வாரங்கள் கதை படிப்பது போல இனிமையாகக் கழிகின்றன. முதல் பருவத் தேர்வில்தான் அதிர்ச்சி காத்திருக்கிறது. படித்தபோது எல்லாம் புரிந்தது போல இருந்தது. எழுத அமர்ந்தபோது எதுவும் தெளிவாக வரவில்லை. 'இந்தப் பாடம் எனக்கு வராது' என்று மாணவி முடிவு கட்டிவிடுகிறாள். 'இதுகூடவா உனக்கு வரவில்லை?' என்ற வீட்டாரின் சொல்லும் சில இடங்களில் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு பாடத்தில் பெற்ற மதிப்பெண், தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பாக மாறிவிடுகிறது. எனவே இது மதிப்பெண் பற்றிய பேச்சு மட்டுமன்று.

இப்பாடம் ஏன் கடினமாகிறது என்பதை முதலில் பார்ப்போம். வேதியியலில் புதிய சொல் ஒன்று வரும்போது, அது நமக்குத் தெரியாது என்பது நமக்கே தெரியும். உளவியலில் அப்படியில்லை. ஆளுமை, மனப்பான்மை, அழுத்தம், நுண்ணறிவு என்பவை நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள். அவை தெரிந்தவையே என்று மனம் ஏமாந்துபோகிறது. ஆனால் பாடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த எல்லை உண்டு. 1916-ஆம் ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித்துறையாகத் தொடங்கியபோதே, அது ஆய்வுக்கூடத்துடன் கூடிய சோதனை அறிவியலாகத்தான் நம் நாட்டில் காலூன்றியது. அளந்து சொல்லும் பழக்கம் அதன் பிறவிக்குணம்.

எடுத்துக்காட்டாக, தற்காப்பு உத்திகள் என்ற பகுதியைக் கொள்வோம். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வசை வாங்கிய தந்தை, வீட்டுக்கு வந்து மகனிடம் எரிந்து விழுகிறார். இது டிஸ்பிளேஸ்மென்ட். தன் உள்ளத்திலிருக்கும் பொறாமையை உணராத ஒருவர், 'அவருக்குத்தான் என்மீது பொறாமை' என்கிறார். இது புரொஜெக்ஷன். எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று கைவிட்ட நரி செய்தது ரேஷனலைசேஷன். மூன்றையும் தனித்தனியே படிக்கும்போது குழப்பமே இல்லை. கேள்வித்தாளில் ஒரு நிகழ்ச்சியை விவரித்து, 'இங்குச் செயல்படுவது எது? காரணம் கூறுக' என்று கேட்கும்போதுதான் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதுபோலவே, இல்லாத குரல் காதில் கேட்பது ஹாலுசினேஷன். பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்று ஆதாரமின்றி அசைக்க முடியாதபடி நம்புவது டெலூஷன். முன்னது புலனில் நிகழ்வது, பின்னது நம்பிக்கையில் நிகழ்வது. 'கை அழுக்காக உள்ளது' என்று ஓயாமல் எழும் எண்ணம் அப்செஷன். அதன் பொருட்டு மீண்டும் மீண்டும் கை கழுவுவது கம்பல்ஷன். இத்தகைய இரட்டைகளை எதிரெதிரே எழுதி, ஒவ்வொன்றுக்கும் தன் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டைத் தானே கண்டுபிடித்து எழுதும் மாணவருக்குப் பாடத்தின் பெரும்பகுதி வசமாகிவிடும். புத்தகத்திலுள்ள எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்தவர் அந்த ஓர் எடுத்துக்காட்டை மட்டுமே அறிவார்.

வெற்றுத்தாளின் முன்

தேர்வுக்குத் தயாராகும் முறை பற்றி உளவியலே சோதனை செய்து பார்த்திருக்கிறது. இப்பாடத்தைப் படிக்கும் மாணவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது. ஆனால் அதனைப் பயன்படுத்திக்கொள்வோர் குறைவு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு குழு மாணவர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு சுற்றுகளிலும் படித்தனர். மற்றொரு குழுவினர் முதல் சுற்றில் மட்டும் படித்து, அடுத்த மூன்று சுற்றுகளில் அதனைப் பாராமலே நினைவுக்கு வந்ததை எழுதினர். ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் ஏறத்தாழ 83 விழுக்காடு நினைவு வைத்திருந்தனர். எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழாயிற்று. படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. இதில் மேலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 'நன்றாக நினைவிருக்கும்' என்று கூடுதல் நம்பிக்கையுடன் கூறியவர்கள் நான்கு முறை படித்தவர்களே!

மீண்டும் மீண்டும் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தையே அறிவு என்று மனம் எண்ணிக்கொள்கிறது. மஞ்சள் வண்ணத்தால் அடிக்கோடிட்ட பக்கங்கள் அந்த மயக்கத்தை மேலும் வளர்க்கும். வெற்றுத்தாளை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்து, 'அழுத்தம் என்ற பாடத்தில் நான் அறிந்தது என்ன?' என்று எழுதத் தொடங்கினால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஆறு வரிகளுக்கு மேல் வராமல் போகலாம். அது மனத்துக்கு வலிக்கும். ஆதலால்தான் எல்லோரும் அதனைத் தவிர்க்கின்றனர். தவிர்த்த அந்த வலி தேர்வு மண்டபத்தில், மூன்று மணி நேரக் கெடுவுடன், ஒரேயடியாக வந்து சேர்கிறது. வீட்டில் பலமுறை வெற்றுத்தாளைச் சந்தித்தவருக்கு மண்டபத்து வெற்றுத்தாள் புதியதன்று.

எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை வேறு மையால் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அந்த விடுபட்ட பகுதியை மட்டும் மறுபடியும் எழுதிப் பார்க்கலாம். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. தில்லியிலோ போபாலிலோ ஆங்கிலத்தில் படிக்கும் மாணவி, அன்று படித்ததைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கிப் பார்க்கட்டும். ஆங்கிலச் சொற்றொடரின் பின்னால் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. 'அப்படியென்றால் என்னம்மா?' என்று பாட்டி இருமுறை கேட்டுவிட்டால், எந்த இடம் புரியவில்லை என்பது தானே தெரிந்துவிடும்.

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கும் பழைய விடை ஒன்றுண்டு. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதனைப் பொருளாகக் கொண்டு, மறதியை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை உருப்போட்டதன் பலனும், மூன்று நாட்களில் பங்கிட்டு 38 முறை உருப்போட்டதன் பலனும் சமமாக இருந்தன என்பது அவர் கண்டது. தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் விழித்திருந்து படிப்பவர், பாதி உழைப்பில் கிடைக்கக் கூடியதற்கு இருமடங்கு விலை கொடுக்கிறார். போதாக்குறைக்கு உறக்கத்தையும் இழக்கிறார். படித்தபின் உறங்கினால் மறதி குறைகிறது என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் 1924-லேயே சோதனை மூலம் காட்டியுள்ளனர்.

எண்களைக் கண்டு மிரள்வோர்

கல்லூரி மாணவரையும், தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை பயிலும் இல்லத்தரசியரையும் அலுவலர்களையும் பெரிதும் அச்சுறுத்துவது புள்ளியியல். பள்ளிக் கணக்கை விட்டு இருபது ஆண்டுகள் கழிந்தபின் திட்ட விலக்கம் என்ற சொல்லைக் கண்டால் மனம் துணுக்குறுவது இயல்பே. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால் இந்த அச்சம் போகாது. சிறிய எண்களைக் கையால் போட்டுப் பார்த்தால் போகும்.

ஐந்து மாணவர் 4, 6, 8, 10, 12 என்று மதிப்பெண் பெற்றனர். வேறு ஐவர் 7, 7, 8, 9, 9 பெற்றனர். இரண்டுக்கும் சராசரி 8. ஆயினும் இரண்டும் ஒரே வகுப்பா? முதல் குழுவில் சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் விலகிய அளவு 4, 2, 0, 2, 4. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 40. ஐந்தால் வகுத்தால் 8. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.83. இரண்டாம் குழுவுக்கு இதே கணக்கைச் செய்தால் 0.89 வரும். சராசரி மறைத்ததைத் திட்ட விலக்கம் சொல்லிவிட்டது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொண்டவருக்கு, நுண்ணறிவுத் தேர்வில் சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்றால், மக்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் 85-க்கும் 115-க்கும் இடையில் அமைவர் என்ற வாக்கியம் வெறும் எண்ணாக இராது.

அச்சம் என்னும் பாடம்

தேர்வு பற்றிய பதற்றமே இருக்கக் கூடாது என்று சிலர் உபதேசிப்பர். அது தேவையுமில்லை, நடக்கக் கூடியதுமில்லை. யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908-இல் எலிகளைக் கொண்டு செய்த சோதனையில், எளிய வேலையைக் கற்பதற்குத் தூண்டுதல் வலிதாக இருந்தாலும் தீங்கில்லை; கடினமான வேலைக்கு மட்டான தூண்டுதலே சிறந்தது என்று கண்டனர். பின்வந்தோர் இதனை மனிதரின் பதற்றத்துக்கும் பொருத்திக் காட்டினர். 'தோற்றுவிட்டால் பார்' என்று கடினமான பாடத்துக்குக் கூடுதல் மிரட்டல் தரும் பெற்றோர், இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றனர்.

அழுத்தத்தைச் சமாளிக்கும் வழிகளை எண்ட்லர், பார்க்கர் என்போர் மூன்றாகப் பிரித்தனர். செய்ய வேண்டியதைத் திட்டமிட்டுச் செய்வது ஒன்று. உணர்ச்சியோடு மட்டும் போராடுவது மற்றொன்று. பிரச்சினையை நினையாமல் விலகுவது மூன்றாவது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இதைப் பாடமாகவே படிக்கின்றனர். படித்துவிட்டு, புத்தகத்தைத் திறக்க அஞ்சிக் கைபேசியை எடுக்கின்றனர்! அந்தக் கணத்தில் 'நான் இப்போது மூன்றாவது வழியில் செல்கிறேன்' என்று பெயரிட்டுப் பார்த்தாலே போதும், பிடி சற்றுத் தளரும். பாடமும் நினைவில் பதியும்.

உளச்சீர்குலைவுகள் என்ற பகுதியைப் படிக்கும்போது வேறொரு சங்கடம் எழுவதுண்டு. ஒவ்வோர் அறிகுறியும் தனக்கு இருப்பதாகவே தோன்றும். மருத்துவ மாணவரிடையே வெகுகாலமாகக் காணப்படும் மயக்கம் இது. ஒரு நாள் சோர்ந்திருப்பது மனச்சோர்வு நோய் ஆகிவிடாது. எத்தனை நாட்கள் நீடித்தது, அன்றாட வாழ்வை எவ்வளவு குலைத்தது என்பவற்றையும் வரையறை கேட்கிறது. ஆனால் உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வருமானால், அதைப் பாடத்தின் மயக்கம் என்று தள்ளிவிடலாகாது. வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலும் அழைக்கலாம். உளவியல் படிக்கும் மாணவர் உதவி கேட்க வெட்கப்படுவது, மருத்துவர் மருந்து உண்ண வெட்கப்படுவது போன்றது.

தேர்வுக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தம் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர் நன்றாகத் தேர்வெழுதினர் என்று 2011-இல் ராமிரெஸ், பைலாக் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. வேறு ஆய்வாளர்கள் அதனை மீண்டும் செய்து 2018-இல் வெளியிட்டபோது அதே பலன் கிட்டவில்லை. ஆகவே இதனைக் கைகண்ட மருந்தாகக் கொள்ள வேண்டாம். மனம் கனத்திருப்பவர் எழுதிப் பார்க்கலாம், செலவு ஒரு தாள்தான். ஒரு சோதனையின் முடிவு மறு சோதனையில் நிற்காமல் போகலாம் என்பதும் உளவியல் மாணவர் கற்க வேண்டியதே.

தேர்வு நாளன்று

சி.பி.எஸ்.இ. தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. வினாத்தாளைப் படிக்கப் பதினைந்து நிமிடம் தருகின்றனர். அந்த நேரத்தில் கடினமான கேள்வியைக் கண்டு நெஞ்சு படபடத்தால், மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுக. நிகழ்ச்சியை விவரிக்கும் கேள்விகளில் மாணவர் பலர் கருத்தின் பெயரை எழுதியதோடு நின்றுவிடுகின்றனர். பெயர், வரையறை, நிகழ்ச்சியில் எந்தச் சொல் அதைக் காட்டுகிறது என்ற மூன்றும் விடையில் இருக்க வேண்டும். விடை முழுதும் மறந்துபோன கேள்விக்கு இடம்விட்டு அடுத்ததற்குச் செல்லலாம். வேறொரு விடையை எழுதும்போது மறந்தது தானே எழுந்து வருவதைப் பலரும் கண்டிருப்பர்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் வாசலில் நின்று விடைகளை ஒப்பிடுவது ஒரு சடங்காகிவிட்டது. எழுதியதை இனி மாற்ற முடியாது. அடுத்த தேர்வின் மனநிலையைத்தான் கெடுத்துக்கொள்ள முடியும். வாசலில் காத்திருக்கும் பெற்றோர் 'எப்படி எழுதினாய்?' என்பதற்கு முன் 'பசிக்கிறதா?' என்று கேட்கலாம். வீடு திரும்பி, உண்டு, ஒரு மணி நேரம் உறங்கி எழுந்தபின், மாலையில் அடுத்த பாடத்துக்குரிய வெற்றுத்தாளை எடுத்துக்கொள்ளலாம்.