கேட்டுக்கு வெளியே எழுதியதற்கு மெமோ

கேள்வி: ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். கேன்டீன் சாப்பாட்டில் எங்கள் ஷிஃப்டில் பலருக்கு வயிற்றுப்போக்கு. இரவு வீட்டிலிருந்து, எங்கள் லைன் ஆட்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜ்மென்ட்டைத் திட்டி எழுதினேன். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி பெயரைக் கெடுத்ததாக மெமோ வந்திருக்கிறது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவதாக ஹெச்.ஆர். சொல்கிறார். எனக்குப் பேச்சுரிமை இல்லையா சார்?
— பெயர் வேண்டாம், மணிமங்கலம்

பதில்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தவறை ஒப்புக்கொண்டதாக ஒரு வரி இருந்தாலும், நாளை உள்விசாரணையில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

பேச்சுரிமை உண்டு. ஆனால் அரசியலமைப்பின் 19-வது பிரிவு முக்கியமாக அரசின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்டது. அடுத்தவர் இடத்துக்குள் அது செல்லாது என்று 1969-ல் ரயில்வே வாரியம் – நிரஞ்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும் அங்கே முதலாளி அரசேதான்.

உங்கள் பலம், நீங்கள் கேட்டுக்கு வெளியே, வேலை நேரம் முடிந்து எழுதியது. கம்பெனியின் நிலையாணைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒழுங்கீனம் என்பதை ‘வளாகத்திலோ அதன் அருகிலோ’ நடப்பது என்று வரையறுத்திருந்தால், வெளியே நடந்ததை அதற்குள் இழுக்க முடியாது. 1983-ல் கிளாக்ஸோ லேபரட்டரீஸ் வழக்கின் தீர்ப்பு அது.

இன்னும் நெருக்கமான தீர்ப்பு மதுரையிலிருந்து வந்தது. தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், தொழிற்சங்கக்காரர், வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளைச் சாடினார். வங்கி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தது. 2023 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். வேலை செய்கிறவனுக்கு மனக்குறை இருக்கும், அதைக் கொட்டித் தீர்க்க அவனுக்கு உரிமையுண்டு, நிறுவனத்தின் பெயர் பாதிக்கப்பட்டால்தான் நிர்வாகம் தலையிடலாம் என்பது அதன் சாரம். அது பொதுத்துறை வங்கி என்பதால் நேரே உயர் நீதிமன்றம் போக முடிந்தது. உங்களுக்கு வழி தொழிலாளர் துறையும் தொழிலாளர் நீதிமன்றமும். ஆனாலும் மெமோவுக்கான பதிலில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் வாயை அடைப்பது ஆபத்து. நம் வட்டாரம் அதை 2021 டிசம்பரில் பார்த்தது. ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகளின் நிலை தெரியாமல், இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உள்ளே கேட்கவும் பதில் பெறவும் வழி இருந்திருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பதிலில் தேதி, ஷிஃப்ட், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை எழுதி, டாக்டர் சீட்டையும் இணையுங்கள். மற்றவர்கள் பெயரை அவர்கள் சம்மதமின்றிச் சேர்க்க வேண்டாம். யாரையாவது பெயர் சொல்லி, ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டியிருந்தால் அந்த வரியை மட்டும் திரும்பப் பெறுங்கள். அவதூறுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் நடத்துவது சட்டக் கடமை என்பதால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனியே புகார் கொடுக்கலாம். மெமோவில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பதில் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.