பல்லடத்திலிருந்து சிங்கப்பூர்: தம்பதியாக முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை பீளமேட்டில் விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூர். பல்லடத்திலிருந்து பஸ்ஸில் சென்னை போய்ச் சேர அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாகிறது. இருந்தும் எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி இருபது வருஷமான பலர் வெளிநாட்டுப் பேச்சை எடுத்ததுமே, "அங்க போயி என்னத்தைத் திங்கறது?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் பல வருஷம் தள்ளிப்போட்டோம். வீட்டுக்காரருக்குக் கறிக்கோழிப் பண்ணை, எனக்குத் தறிக் கணக்கு. கடைசியில் ஐந்து நாள் ஒதுக்கிப் போய்வந்தோம். எங்களைத் தடுத்த அந்தச் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டே ஊர் முழுவதையும் சுற்றலாம் என்பது அங்கே போனபின்தான் தெரிந்தது. கீழே உள்ளதெல்லாம் அந்த வழிதான்.

படி 1: எந்த மாதம்

புரட்டாசியில் கவுச்சி தொடாத வீடு என்றால் அந்த மாதம் வேண்டாம். பாதிச் சிங்கப்பூர் உங்கள் தட்டுக்கு வராமல் போய்விடும். ஐப்பசியில் தீபாவளியையொட்டிப் போனால் சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்குகள் எரிவதைப் பார்க்கலாம். மழை எந்த மாதமும் திடீரென்று கொட்டும், அதற்குப் பயந்து நாள் பார்க்க வேண்டியதில்லை. பண்ணைக்காரர்களுக்குத் தோதான நேரம், கோழி பிடித்த பிறகு ஷெட்டைக் கழுவிக் காயப்போடும் நாட்கள். அடுத்த குஞ்சு இறங்குவதற்குள் திரும்பிவிடலாம்.

படி 2: காகிதங்கள்

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அதை நாமே நேராகத் தூதரகத்தில் கொடுக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்கலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

படி 3: பெட்டியில் எது கூடாது

மசாலாப் பொட்டலம் கட்டும்போது கசகசாவை எடுத்து வைத்துவிடுங்கள். குழம்புக்கு அரைக்க நமக்கு அது சாதாரணச் சரக்கு. அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடை செய்த பொருள். சூயிங்கம் 1992 முதல் தடை. பச்சைக்கறியும் முட்டையும் வேண்டாம். அங்கே பிளக் பாயின்ட்டுக்குச் செவ்வகத் துளை மூன்று, நம் சார்ஜர் நுழையாது. மாற்று பிளக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் இரண்டு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

படி 4: தேக்காவில் தங்குங்கள்

லிட்டில் இந்தியாவைத் தமிழர்கள் தேக்கா என்கிறார்கள். மூங்கில் அடிவாரம் என்ற பொருளில் சீனர்கள் வைத்த பெயர் அது. பக்கத்திலேயே எருமைச் சாலை. மலாயில் 'கெர்பாவ்' என்றாலும் எருமைதான், அந்தப் பெயரிலும் ஒரு தெரு உண்டு. ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம். காங்கேயம் மாட்டுச் சந்தை பார்த்து வளர்ந்த நாங்கள் அந்தத் தெருப் பெயர்ப் பலகையின் கீழே கொஞ்ச நேரம் நின்றோம்.

இங்கே தங்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். விடுதி வாடகை நகரின் மற்ற பகுதிகளைவிடக் கட்டுப்படியாகும். அதோடு, லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. ஊதாப் பாதையில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். நீலப் பாதையில் ஒரு பக்கம் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா, மறுபக்கம் நான்காவது நிறுத்தம் பேஃபிரன்ட். விமான நிலையத்திலிருந்து வரும்போது எக்ஸ்போவில் ஒரே ஒரு முறை மாறினால் போதும். வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை இருந்தால் அதையே வாசலில் தட்டி உள்ளே போகலாம். ஆளுக்கொரு அட்டை வேண்டும். ரயிலில் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 டாலர் வரை. ஒரு டாலர் நம் பணத்தில் அறுபது ரூபாய்க்கு மேல் என்பதால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 5: உணவங்காடியில் உட்காரும் முறை

ஒரே கூரைக்குக் கீழே நாற்பது, ஐம்பது, சில இடங்களில் நூறு கடைகள். நடுவே பொது மேசைகள். உணவங்காடி நிலையம் என்று அங்கே தமிழில் எழுதியிருக்கிறார்கள். தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த இடங்கள்தான் இவை. இந்தச் சாப்பாட்டுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

முதலில் இடம் பிடிக்க வேண்டும். மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். எடுத்து ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருவர் மேசையில் இருக்க, மற்றவர் வாங்கிவரலாம். கடைக்காரர் சீனரோ மலாய்க்காரரோ, வயதில் மூத்தவரை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நமக்கு வாயில் தானாக வரும் பழக்கம் அது. தின்று முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம்.

இனி நான் அழுத்திச் சொல்ல வருவது: இருவருக்கும் ஒரே தட்டு வாங்குங்கள். முதல் நாள் நாங்கள் ஆளுக்கொரு தட்டு வாங்கி இரண்டாவது கடையிலேயே வயிறு நிறைந்து, மீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாளிலிருந்து ஒரு தட்டு, இரண்டு கரண்டி. ஒரு வேளைக்கு மூன்று கடை பார்க்க முடிந்தது, காசும் மிச்சமானது. வீட்டில் அவருக்குப் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடும் எனக்கு, எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் தின்றது கல்யாணப் பந்திக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

படி 6: காலையில் கோப்பி

ஆறரை மணிக்கும் அங்கே இருட்டுதான். வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும். ஐந்து மணிக்கே எழுந்து பழகியவர்கள் பதற வேண்டாம்.

'கோப்பி' என்று மட்டும் கேட்டால் டின்பால் ஊற்றித் தருவார்கள், இனிப்பு தூக்கலாக இருக்கும். பால் வேண்டாம், சர்க்கரை போதும் என்றால் 'கோப்பி ஓ'. இனிப்பில்லாத டின்பாலும் சர்க்கரையும் சேர்த்தது 'கோப்பி சி'. இந்த 'ஓ', 'சி' இரண்டில் எதனோடும் 'கொசோங்' சேர்த்துச் சொன்னால் சர்க்கரை போட மாட்டார்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கொட்டையைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து வறுப்பதால் நம் ஃபில்டர் காபி மணம் வராது, கருகல் வாசம் தூக்கும். கூடவே 'காயா' தடவிய ரொட்டி. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரையைத் தாழைவகை இலையோடு கிண்டிய களிம்பு அது. எங்கள் பேக்கரித் தேங்காய் பன்னுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டை உண்டு, மறந்துவிடாதீர்கள்.

படி 7: ஒரு தெரு, மூன்று கும்பிடு, ஒரு கோழிச்சோறு

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இந்த நடையை மட்டும் போங்கள்.

சைனாடவுன் நிலையத்தில் இறங்கி பகோடா தெரு வழியாக நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில். அந்தத் தெருவுக்குப் பகோடா என்ற பெயரே நம் கோயில் கோபுரத்தைப் பார்த்து வந்தது. 1827-இல் இதை எழுப்பியவர் நாராயண பிள்ளை. 1819-இல் பினாங்கிலிருந்து, இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு வந்து, செங்கல் சூளை போட்டு, பிறகு துணிக்கடை வைத்தவர். துணி வியாபாரி கட்டிய அம்மன் கோயில் என்று தெரிந்ததும், தறிக்காரியான நான் இன்னொரு தரம் விழுந்து கும்பிட்டேன். தீபாவளிக்கு முன்பு இங்கே தீமிதி நடக்கும். பண்ணாரியில் குண்டம் இறங்குகிறோமே, அதே நேர்த்திக்கடன், கடல் தாண்டியும் விடவில்லை.

அதே வரிசையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. மாரியம்மன் கோயிலைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் நடந்தால் புத்தர் கோயில், 2007-இல் கட்டியது. அதற்கு நேர் எதிரே மேக்ஸ்வெல் உணவங்காடி. வெயில் உச்சிக்கு வரும் நேரம் இங்கே வந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது ஹைனான் கோழிச்சோறு, தட்டு நாலு முதல் ஆறு டாலர். பல்லடத்துக்காரர்கள் இதைத் தின்னாமல் வரக் கூடாது. தமிழ்நாட்டுக்கே தினமும் கறிக்கோழிக் கொள்முதல் விலை எங்கள் ஊரில்தான் முடிவாகிறது. ஆனால் வறுவல், சிந்தாமணி, குழம்பு தவிர வேறு உருவில் நாங்கள் கோழியைப் பார்த்ததில்லை. தட்டு வந்ததும் வீட்டுக்காரர் தயங்கினார். மசாலா இல்லை, நிறமும் இல்லை. வெளுத்த தோலோடு வெட்டிய துண்டுகள், இரண்டு வெள்ளரிக்காய். "ஏனுங்க, வெந்திருக்குங்களா?" என்றேன். அவர் எலும்பு ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். கொதி அடங்கிய நீரில் மெல்ல வேகவிட்டு, எடுத்த சூட்டிலேயே ஐஸ் தண்ணீரில் முக்கிவிடுகிறார்கள். அதனால் தோல் வழுவழுவென்று இறுகி, கறி சாறு வற்றாமல் நிற்கிறது. "நாப்பது நாள் வளத்தறோம் அம்மிணி, கோழிக்குன்னு ஒரு ருசி இருக்கறது இன்னைக்குத்தான் தெரியுது" என்றார்.

சோற்றை வெறுமனே ஒரு வாய் தின்று பாருங்கள். கோழிக் கொழுப்பில் இஞ்சி பூண்டு வதக்கி, அந்தக் கோழி வெந்த நீரிலேயே பொங்கியது. தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சாறு தருவார்கள். எனக்குக் கறியைவிட அந்தச் சோறு பிடித்தது.

படி 8: கேட்டு வாங்க வேண்டியவை

சைவக்காரர்களுக்குத் தேக்காவில் கவலையே இல்லை. ஆனந்த பவன் 1924 முதலும் கோமள விலாஸ் 1947 முதலும் நடக்கின்றன. வெளியே கவனம் வேண்டும். சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால். காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ்கூடப் பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கலாம். 'ஹலால்' பலகை இருந்தால் பன்றி இல்லை என்று நம்பலாம், ஆனால் மாட்டுக்கறி இருக்கலாம். ஆகவே 'நோ பீஃப்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நண்டு, பெரிய இறால் வாங்கும்போது மொத்த விலையை முதலில் கேளுங்கள். ஒரு கடையில் பலகையில் இருந்தது தட்டுக்கு விலை என்று நினைத்து வாங்கினோம். பில் வந்தபோதுதான் 100 கிராமுக்கு என்று புரிந்தது. இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு ஒரே வேளையில் போனது.

படி 9: காசில்லாத காட்சிகள்

பேஃபிரன்ட்டில் இறங்கினால் கரையோரத் தோட்டம். இரும்பு மரங்கள் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டுக்கேற்ப ஒளிரும். கட்டணம் கிடையாது, மரத்தடியில் மல்லாந்து படுத்துப் பார்க்கலாம்.

தாவரவியல் பூங்கா 1859-இல் அமைந்தது, 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆர்க்கிட் தோட்டம் தவிர மற்றதெல்லாம் இலவசம். மரத்தைச் சாகவிடாமல் ரப்பர்ப்பால் கீறும் முறையை இங்கேதான் ரிட்லி என்ற இயக்குநர் வகுத்தார். மலாயாவில் தோட்டம் தோட்டமாக ரப்பர் பரவியதும், அதில் பால் வெட்டத் தமிழர்கள் கப்பல் கப்பலாகப் போனதும் அதன் பிறகுதான். அந்த மரங்களின் வரலாறு நம் சனத்தின் வரலாறும் ஆகும், அவசரமில்லாமல் பாருங்கள்.

படி 10: திரும்பும் நாள்

கடைசி வேளையைத் தேக்கா உணவங்காடியில் வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டாவை அங்கே 'பிராட்டா' என்கிறார்கள், மீன்குழம்போ பருப்புக்குழம்போ ஊற்றித் தருவார்கள். இஞ்சி டீக்கு 'தே ஹலியா'. தமிழிலேயே கேட்கலாம். "எந்த ஊரு அண்ணே?" என்று கடைக்காரர் கேட்டபோது வீட்டுக்காரர் பல்லடம் என்றார். "கோழி ஊரா?" என்று சிரித்தார் அவர்.

இதைப் படிக்கும் உங்கள் இருவரில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றாலும், இந்த வாரமே கோவை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.