நரம்பு மண்டலமும் நமது வாழ்வும்

விடியற்காலையில் தலைவிளக்கின் ஒளியில் தொழிலாளி பால்மரத்தின் முன் நிற்கிறார். கண் பழைய வெட்டுக்கோட்டைக் காண்கிறது. கை பட்டையின் தடிப்பை உணர்கிறது. கட்டையில் காயம் படாதவாறு சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டுக் கத்தி சீவிச் செல்கிறது. சில வினாடிகளில் முடிந்துவிடும் இச்செயலில் கண், கை, தோள், கால் ஆகிய அனைத்தும் ஒன்றுபட்டு இயங்குகின்றன. இவற்றை ஒன்றுபடுத்துவது எது? அதுவே நரம்பு மண்டலம். அதன் அமைப்பையும் பணிகளையும், அதனைக் காக்கும் வழிகளையும் இங்குக் காண்போம்.

மூன்று பகுதிகள்

நரம்பு மண்டலத்தின் முக்கியப் பகுதிகள் மூன்று: மூளை, தண்டுவடம், நரம்புகள்.

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் அது நூற்றுக்கு 2 பங்குதான். எனினும், உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது. ஆகவேதான் இரத்த ஓட்டம் தடைப்பட்ட சில நிமிடங்களிலேயே மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன.

மூளையிலும் மூன்று பிரிவுகள் உண்டு. நினைவு, சிந்தனை, பேச்சு, நாம் விரும்பிச் செய்யும் அசைவுகள் ஆகியவை பெருமூளையின் பொறுப்பு. அதன் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்கிறது. நிறைந்த பால் வாளிகளுடன் மேடுபள்ளத்தில் தடுமாறாமல் நடக்கத் துணை செய்வது சிறுமூளை. கீழே தண்டுவடத்தோடு இணையும் மூளைத்தண்டு, நாம் உறங்கும்போதும் மூச்சும் இதயத் துடிப்பும் ஒழுங்காக நடைபெறச் செய்கிறது.

தண்டுவடம் முதுகெலும்பின் நடுவே இறங்கும் மென்மையான வடம். அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பருமனோ சுண்டுவிரல் அளவே. மூளைக்கும் கழுத்துக்குக் கீழுள்ள உறுப்புகளுக்கும் இடையே செல்லும் செய்திகளிற் பெரும்பாலானவற்றுக்கு இதுவே பாதை.

மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. வலி, சூடு, தொடுகை முதலிய செய்திகளை உள்ளே கொண்டு செல்பவை உணர்ச்சி நரம்புகள். தசைகளுக்குக் கட்டளையைக் கொண்டு வருபவை இயக்க நரம்புகள். பெரும்பாலான நரம்புகளில் இவ்விரு வகை இழைகளும் கலந்தே உள்ளன.

செய்தி செல்லும் விதம்

நரம்பிழையில் செய்தி மிக நுண்ணிய மின்துடிப்பாகச் செல்கிறது. மிக விரைவான இழைகளில் அது வினாடிக்கு 120 மீட்டர் வரை பாயும். இழை தசையைச் சேருமிடத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை ஓர் இரசாயனப் பொருள் கடந்து சென்று, ‘சுருங்கு’ என்னும் கட்டளையைத் தசைக்குத் தருகிறது. வேலை முடிந்தவுடன் அப்பொருளை உடலே சிதைத்துவிடுகிறது. இதனை நினைவில் கொள்க. பின்னர் இது பயன்படும்.

சில வேளைகளில் மூளையின் கட்டளைக்குக் காத்திருக்க நேரமிராது. கொதிக்கும் பானையில் விரல் பட்டவுடன் கையை இழுத்துக்கொள்கிறோம்; ‘சுடுகிறது’ என்று அதன் பின்னரே உணர்கிறோம். இங்குக் கட்டளையிட்டது தண்டுவடம். இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர்.

பட்டை வளரும்; தண்டுவடம் வளராது

ஒழுங்காகச் சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடுவதை நாம் அறிவோம். நரம்புகள் அனைத்தும் அவ்வாறு வளர்வதில்லை. கையிலோ காலிலோ அறுந்த நரம்பை மருத்துவர் தைத்து இணைத்தால், அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் வளரக்கூடும். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்டவே ஏறத்தாழ ஆறு மாதங்கள் செல்லும். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழைகளோ அவ்வாறு வளர்ந்து இணைவதில்லை. ஆகவே அவற்றை முன்கூட்டியே காப்பதுதான் சிறந்த மருத்துவம்.

காக்கும் வழிகள்

கத்திக் காயம்: கத்தி பட்டபின் விரல் மரத்துப்போனாலோ, மடக்கவோ நீட்டவோ இயலாமற் போனாலோ, நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். இரத்தம் நின்றுவிட்டதே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுக.

விபத்து: மோட்டார் சைக்கிளிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தவரை, இரக்கத்தால் உடனே தூக்கி உட்கார வைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். முதுகெலும்பு முறிந்திருந்தால், அவ்வாறு தூக்கும்போது எலும்புத் துண்டு தண்டுவடத்தை நசுக்கக்கூடும். நடக்கக்கூடியவர் வாழ்நாள் முழுதும் நடக்க இயலாதவராகிவிடலாம். தீ, வாகனம் போன்ற ஆபத்து அருகில் இல்லையெனில் அவரை அசைக்காதீர்கள். தலையும் கழுத்தும் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கவனித்தவாறு, 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் செல்வோர், அருகிலுள்ள கடைக்குச் செல்வதாயினும், தலைக்கவசத்தை வாரிட்டு இறுக்கி அணிதல் வேண்டும்.

பூச்சிமருந்து: நரம்புச் செய்தியைக் கடத்தும் இரசாயனப் பொருளைச் சிதைய விடாமல் தடுக்கும் பூச்சிமருந்துகள் சில உண்டு. அதனால் கட்டளை ஓயாமல் தொடர்கிறது. கண்ணின் பாவை சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், தசை துடிக்கும், முடிவில் மூச்சே நின்றுவிடலாம். இம்மருந்துகள் தோல் வழியாகவும் உட்புகும். கையுறையும் முகமூடியும் அணிக. நனைந்த உடையைக் களைந்து, சோப்பிட்டுக் குளித்த பின்னரே பிள்ளைகளைத் தூக்குக. மருந்தை ஒருபோதும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். யாருக்கேனும் நஞ்சேறினால், மருந்தின் பெயர்ச்சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

பக்கவாதம்: முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் போதும், மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லவில்லை என்று ஐயுற வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இன்று உண்டு. எனினும், தகுந்த நோயாளிக்கு, நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் அதனைக் கொடுத்தாக வேண்டும். இரத்தக் கசிவாலும் பக்கவாதம் வரும். எது காரணம் என்பதை மருத்துவமனையில் படம் எடுத்துத்தான் அறிய இயலும். எனவே வீட்டில் எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதும், விடியட்டும் என்று காத்திருப்பதும் கூடா. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், தலைவலி இல்லாவிடினும் மருந்தை நிறுத்தாமல் உட்கொள்ளுதல் வேண்டும்.

தோட்டத்திலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். அதனாலேயே முதல் சில நிமிடங்களில் அருகிலிருப்போர் செய்வதும் செய்யாதிருப்பதும் பெரிதாகின்றன. இக்குறிப்புகளை வீட்டிலுள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நாம் விழும்போது நம் அருகில் இருக்கப் போகிறவர்கள் அவர்களே.