பேய் வேஷமா, அர்ச்சியசிஷ்டவர் வேஷமா?



அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். பள்ளி வேனிலிருந்து இறங்கிய சிறுமி, செருப்பைக் கழற்றுமுன்பே தாயாரிடம் ஓடிவந்து சொல்லுகிறாள்: “அம்மா, 31-ம் தேதி எல்லாரும் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வரவேணுமாம். எனக்குக் கறுப்பு அங்கி வேணும்.” தாயாருக்குத் திகைப்பு. வேண்டாமென்றால் பிள்ளை அழும். சரியென்றால் மனச்சாட்சி உறுத்தும். சென்னைப் பட்டணத்துப் பெரிய கடைகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் காணப்பட்ட ஹாலோவீன் வழக்கம், இப்போது ரயில் பாதையோடு நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. அந்தத் தாயாருக்கு நாம் என்ன பதில் சொல்வது? பிள்ளையை அதட்டுவதற்கு முன், இந்தப் பண்டிகை யாருடையது என்று ஆராய்ந்து பார்ப்போம்.

1. பெயரிலேயே பதில் இருக்கிறது

பழைய ஆங்கிலத்தில் “ஹாலோ” என்றால் அர்ச்சியசிஷ்டவர் என்று பொருள். “ஈன்” என்பது முந்தின நாள் மாலையைக் குறிக்கும். ஆகவே ஹாலோவீன் என்பது, நவம்பர் 1-ம் தேதி நாம் கொண்டாடும் சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளின் முந்தின இரவேயன்றி வேறல்ல.

உரோமாபுரியில் பல தேவர்களுக்கென்று கட்டப்பட்டிருந்த பாந்தேயோன் கோவிலை, நாலாம் போனிப்பாசியார் பாப்பரசர் 609-ம் ஆண்டையொட்டி தேவமாதாவுக்கும் சகல வேதசாட்சிகளுக்கும் நேர்ந்தளித்தார். நாலாம் கிரகோரியார் பாப்பரசர் காலத்தில், 835-ல், நவம்பர் 1-ம் தேதித் திருநாள் மேற்கு ஐரோப்பாவெங்கும் பரவிற்று. பிறகு குளூனி மடத்து அதிபர் அர்ச். ஓதிலோ, 998-ஐ ஒட்டி, மறுநாளை மரித்த விசுவாசிகளுக்காக ஒதுக்கினார். இதுவே நம் கல்லறைத் திருநாள்.

அப்படியானால் பேய் எங்கிருந்து வந்தது? அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் மரித்தோர் உலாவுவார்கள் என்ற பழைய நம்பிக்கை ஐரிஷ் தேசத்தாரிடம் இருந்தது. அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கேற்றினார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் ஐரிஷ் ஜனங்கள் திரளாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினபோது வழக்கமும் கூடவே போயிற்று. அங்கே கிழங்குக்குப் பதில் பெரிய பறங்கிக்காய் கிடைத்தது. பின்பு வியாபாரிகள் பண்டிகையை எடுத்துக்கொண்டு அர்ச்சியசிஷ்டவர்களை வாசலிலே விட்டுவிட்டார்கள். நம்மூரில் புது வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய்க்குக் கோரைப்பல் எழுதித் தொங்கவிடுகிறார்களே, மனிதன் பயத்தைப் பயமுறுத்தி விரட்டப் பார்ப்பது எத்தேசத்திலும் ஒன்றுதான்.

2. பழவேற்காட்டு எலும்புக்கூடு

“எலும்புக்கூட்டைக் கண்டாலே பாவமா?” என்று சிலர் கேட்கக்கூடும். பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1610-ல் அங்கே வந்து குடியேறி, 1613-ல் கெல்தரியா கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தருடைய பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வருகிறவர்களை வரவேற்கின்றன. ஒல்லாந்தர் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் எண்ணமும் நம் எண்ணமும் ஒன்றே. அந்தச் சிலைகள் சிறுவரை அலற வைக்கச் செய்யப்பட்டவையல்ல. “இன்று நான், நாளை நீ” என்று ஒவ்வொருவருக்கும் ஞாபகமூட்டவே அங்கே நிற்கின்றன. கப்பல் கப்பலாய்த் துணி ஏற்றி வியாபாரம் நடத்தியவர்களும் அந்த வாயிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

ஆகவே மரணத்தை நினைப்பது குற்றமல்ல. மரணத்தை வெறும் கேலிக்கூத்தாக்கி, அதற்கப்பால் ஒன்றுமில்லை என்பதுபோல் சிரித்துவிட்டுப் போவதுதான் குறை. பசாசை அழகுபடுத்தி வேடிக்கை காட்டுவதும் நமக்குத் தகாது.

3. பிள்ளைகளுக்கு என்ன செய்து கொடுக்கலாம்?

வேஷம், விளக்கு, வீடு வீடாய்ப் போதல் என்று ஹாலோவீனுக்கு அங்கங்கள் மூன்று. மூன்றையும் நாம் வைத்துக்கொள்ளலாம்.

வேஷம்: பாரீஸ் நகரத்துக் கத்தோலிக்கர் 2002 முதல் அந்த இரவில் பிள்ளைகளுக்கு அர்ச்சியசிஷ்டவர் வேஷமிட்டுக் கொண்டாடத் தொடங்கினார்கள். நமக்கோ வேண்டிய மட்டும் சொந்த அர்ச்சியசிஷ்டவர்கள் இருக்கிறார்கள். காவி வேட்டியும் ஒரு தடியும் போதும், உங்கள் மகன் 1693-ல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அர்ச். அருளானந்தர் ஆகிவிடுவான். அட்டையை வளையம் வளையமாய் வெட்டிக் கோத்துக் கறுப்பு மை பூசினால் சங்கிலி தயார். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டு மரித்து, 2022-ல் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் அவன். நீலக்கரை வெள்ளைப் புடவை மகளை அன்னை தெரேசாவாக்கும். தகப்பனார் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவரானால், அவருடைய அளவுகோலையே பிள்ளையின் கையில் கொடுத்துத் தச்சராகிய அர்ச். சூசையப்பராக்குங்கள். பயமும் வேண்டும் என்று பிள்ளை கேட்டால், இரும்புக் கட்டில்மேல் நெருப்பில் வாட்டப்பட்ட அர்ச். லவுரேஞ்சியாரின் சரித்திரத்தை விளக்கணைத்துச் சொல்லுங்கள். எந்தப் பேய்க் கதையும் அதற்கு ஈடாகாது. கேட்ட பிள்ளைக்குக் கெட்ட சொப்பனமும் வராது.

விளக்கு: பறங்கிக்காயின் தலையைச் சீவி உள்ளே குடைந்தெடுங்கள். சதையை எறிந்துவிடாமல் கூட்டு செய்யலாம். பக்கத்தில் கோரைப்பல்லுக்குப் பதில் சிலுவையும் நட்சத்திரமும் வெட்டி, உள்ளே அகலை வையுங்கள். கல்லறைக்குக் கொட்டாங்கச்சியில் மெழுகு ஊற்றித் திரியிட்ட விளக்கே நல்லது. ஐப்பசி மழையிலும் காற்றிலும் நின்று எரியும். நைலான் அங்கி அணிந்த பிள்ளையை நெருப்பின் அருகே விடாதீர்கள். பருத்தித் துணியே உத்தமம். கல்லறையில் புல் செதுக்கும்போது பாம்பு, பூரான் ஜாக்கிரதை.

வீடு வீடாய்ப் போதல்: இதுவும் ஆதியில் ஜெபமாகவே இருந்தது. இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் இந்த நாட்களில் வாசல் வாசலாய்ப் போவார்கள். வீட்டார் ஒரு சிறு பணியாரம் கொடுப்பார்கள். பிள்ளைகள் அந்த வீட்டில் மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். “ஆத்துமப் பணியாரம்” என்றே அதற்குப் பெயர்.

4. கல்லறை தூரத்தில் உள்ளவர்கள்

இங்கேதான் நம் பகுதிக்கு உரிய கடமை ஒன்று வருகிறது. நவம்பர் 2-ம் தேதி நாம் சுண்ணாம்படித்து, செவ்வந்தி தூவி, மெழுகுதிரி ஏற்றி, மந்திரித்த தீர்த்தம் தெளித்த கல்லறையருகே நிற்கிறோம். அதே வேளையில் நிற்க இடமில்லாதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சிலருக்கு எங்கே என்றுகூடத் தெரியாது. சிப்காட் தொழிற்சாலைகளில் உழைக்க ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார் நாடுகளிலிருந்து வந்த வாலிபர்களில் நம் வேதத்தாரும் உண்டு. சிம்தேகாவிலுள்ள தாயின் கல்லறைக்குப் போய்வர ஒருநாள் விடுமுறை போதுமா? வாடகை அறையில் அன்று அவன் என்ன நினைப்பான்?

ஆகவே வேஷமிட்ட நம் பிள்ளைகள் 31-ம் தேதி மாலை பெரியவர் துணையோடு இவர்கள் வாசலுக்குப் போகட்டும். மிட்டாய் கேட்க வேண்டாம். ஒரு அதிரசத்தைக் கொடுத்து, “உங்கள் வீட்டில் மரித்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள், ஜெபிக்கிறோம்” என்று கேட்கட்டும். பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கல்லறைத் திருநாள் பூசைக்கு ஒப்புக்கொடுப்போம். கல்லறை எங்கிருந்தாலும் பீடம் ஒன்றே. முதல் மகா யுத்தத்தில் மரித்தோர் குவிந்த 1915-ல், 15-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்ய உத்தரவளித்தது, நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்களையும் எண்ணித்தான். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து மரித்தோருக்காக வேண்டிக்கொள்வோர், பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குதல், பாப்பரசர் கருத்துக்காக ஜெபித்தல் என்னும் வழக்கமான நிபந்தனைகளோடு, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகப் பரிபூரண பலனை அடையலாம்.

இனி அந்தத் தாயாருக்குப் பதில் சொல்லலாம். அம்மா, மகளுக்கு வேஷம் போட்டு அனுப்புங்கள். யாருடைய வேஷம் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள். திரும்பி வரும்போது அவள் கைப்பையில் மிட்டாயோடு, தனக்குத் தெரியாத ஒருவருடைய பெயரும் இருக்கட்டும்.

வீட்டில் பிள்ளைகளைக் கேளுங்கள்:

1. ஹாலோவீன் என்ற பெயருக்குப் பொருள் என்ன?
2. பழவேற்காட்டுக் கல்லறை வாயிலில் உள்ள உருவங்கள் நமக்கு என்ன சொல்லுகின்றன?
3. நம் தெருவில், கல்லறை தூரத்திலுள்ளவர்கள் யார் யார்? அவர்கள் வீட்டுக்கு இந்த ஆண்டு நம்மில் யார் போவது?