நெடுஞ்சாலை உணவகங்களில் கடந்தகால ஏக்கம்: ஒரு பின்நவீனத்துவ நோக்கு

சேலம் – உளுந்தூர்ப்பேட்டை தேசிய நெடுஞ்சாலை கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியே செல்கிறது. இத்தகைய தமிழக நெடுஞ்சாலைகளின் ஓரங்களில் ஓலைக்கூரை, திண்ணை, மாட்டுவண்டிச் சக்கரம், பித்தளை டவரா டம்ளர் ஆகியவற்றைக் கொண்டு ஒரு 'பழைய ஊரை' அமைத்துக் காட்டும் உணவகங்கள் பெருகியுள்ளன.

வரலாற்றுணர்வு மங்கிய நிலையில் கடந்தகாலம் வெறும் பாணியாக எஞ்சும் என்பது ஃபிரெடெரிக் ஜேம்சன் 1984இல் முன்வைத்த கருத்து. தாம் ஒருபோதும் இழந்திராத ஒன்றுக்காக ஏங்குமாறு நுகர்வோரை வணிகம் பழக்குகிறது என்பார் அர்ஜுன் அப்பாதுரை (1996). 'கும்பகோணம் டிகிரி காபி' இதற்குத் தக்க சான்று. 'டிகிரி' என்பது பால்மானி அளவைக் குறித்தது என்பர் சிலர். முதல் டிகாஷனைக் குறித்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், காவிரிக்கரை நகரொன்றின் பெயர் தன் ஊரைவிட்டுக் கழன்று, எச்சாலையிலும் நடத்தக்க பெயர்ப்பலகையாகிவிட்டது.

காப்பியோ தமிழர் வாழ்வில் புதுமையின் அடையாளமாக நுழைந்த பானம். அதன் சமூக வரலாற்றை ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' எனத் தலைப்பிட்டதை இங்கு நினைவுகூரலாம். அந்த வரலாற்றில் சாதியும் உண்டு. திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் 1957இல் போராட்டம் நடத்தினார். சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்குப் பின்னரும் நீடித்தது. இன்றைய உணவகம் பித்தளை டம்ளரை மீட்டெடுக்கிறது. அதை எவர் தொடலாம், அத்திண்ணையில் எவர் அமரலாம் என்றிருந்த விதிகளைப் பேசாது விடுகிறது. அலங்காரத்திற்கு அம்மௌனம் தேவைப்படுகிறது.

சிறுதானியங்களின் நிலை இதனினும் சிக்கலானது. ஏழையர் உணவாக எண்ணப்பட்ட களியும் கூழும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த சூழலில், 'பாரம்பரிய உணவு' என்னும் மதிப்பை எய்தியுள்ளன. ஜேம்சனின் சட்டகம் கடந்தகாலம் கைநழுவிவிட்டது என்ற எடுகோளின்மீது நிற்பது. தியாகதுருகத்திற்கு வடமேற்கே உள்ள கல்வராயன் மலையில் அவ்வெடுகோள் பொருந்தவில்லை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர்க்குச் சாமையும் கேழ்வரகும் நினைவுப் பொருள்கள் அல்ல; விதைத்து அறுக்கும் பயிர்கள். அண்டை மலையின் நிகழ்கால உழைப்பு, சமவெளிக்கு இறங்கியதும் 'அந்தக் காலம்' ஆகிவிடுகிறது. மானிடவியல் தான் ஆராயும் மக்களை வேறொரு காலத்தில் நிறுத்தி, அவர்தம் சமகாலத்தன்மையை மறுக்கிறது என யோகான்னஸ் ஃபேபியன் 1983இல் சுட்டினார். அம்மறுப்பு இங்கு உணவுப்பட்டியலிலேயே நிகழ்கிறது.