பல்லுக்கு உறை

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. வேர்ச் சிகிச்சை முடிந்ததும் வலி நின்றுவிடும். உடனே நம் மாணவ நண்பர் பலர் வைத்தியரிடம் போவதையும் நிறுத்திவிடுகின்றனர். அங்கேதான் ஆபத்து. குடையப்பட்ட கடைவாய்ப்பல் வலுக் குன்றியது. உறையின்றேல் ஒருநாள் பிளந்துவிடக்கூடும். பிளவு வேர்வரை இறங்கினால் பிடுங்குவதே வழி.

லேக் கார்டன்ஸ்வாசியான எனக்கு உறை போட இருமுறை செல்ல நேர்ந்தது. முதல்முறை மரப்பு ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்கி, அச்செடுத்து, தற்காலிக உறை பொருத்தினர். அது இருக்கும்வரை அப்பக்கம் கடலை மிட்டாய் போன்றவற்றை மெல்லலாகாது. இரு வாரத்தில் நிலையான உறை வந்தது. ஒட்டுமுன் கடித்துப் பார்க்கச் சொல்வர். உயரமாகத் தோன்றினால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். உறைக்குச் சொத்தை வராது. ஈறோரம் அடிப்பல்லுக்கு வரும். ஆகவே துலக்குவதில் குறை வைக்கலாகாது.

செலவுக்கு அஞ்சுகிறீர்களா? லேக் கார்டன்ஸ் நிலையத்தில் ரயிலேறிச் சியால்தாவில் இறங்குங்கள். அருகிலேயே இருக்கிறது டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி. 1920-இல் ரஃபியுத்தீன் அகமது தொடங்கிய அதுவே நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி, இன்று அரசினுடையது. அங்கே விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வலி நின்றதே என்று வாளாவிருக்க வேண்டாம்.