ஊசியை எடுக்கும் முன்

அன்புத் தம்பிக்கு,

வேப்பேரியில் கால்நடை மருத்துவப் படிப்பை முடித்துச் சொந்த ஊரில் கிளினிக் திறந்திருக்கிறாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். வருகிற நாய்களில் பாதி சொறிந்துகொண்டேதான் வருகின்றன, என்ன செய்வது என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன்.

"போன தடவை ஒரு ஊசி போட்டாங்க, மறுநாளே நின்னுடுச்சு. அதையே போட்டுடுங்க டாக்டர்" என்பார்கள். ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கடியில் நாய் பாதத்தை நக்கும் சத்தத்தில் தூங்காமல் வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊசி பல வாரம் உடம்பில் தங்கும் ஸ்டீராய்டு. நாய்க்கு அது ஒத்துக்கொள்ளவில்லையென்றால் திரும்ப எடுக்க வழியில்லை. மாதாமாதம் போட்டுக்கொண்டே போனால் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து, வயிறு தொங்கி, தோல் காகிதம்போல் மெலிந்துவிடும். ஸ்டீராய்டை விஷம் என்று நான் சொல்லவில்லை. அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது பிரட்னிசோலோன் மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது நல்ல வைத்தியம்தான். ஏன் அரிக்கிறது என்று பார்க்காமல் கொடுப்பதுதான் தப்பு. அடியில் டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சி இருந்தால் நீ போட்ட ஸ்டீராய்டிலேயே அது உடம்பெல்லாம் பரவும்.

அதனால் எந்தத் தோல் கேஸ் வந்தாலும் முதலில் தோலைச் சுரண்டிப் பார். மடிப்பை விரலால் நன்றாகப் பிதுக்கி, பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டு. மைக்ராஸ்கோப்பில் சுருட்டு வடிவில் நீண்ட உடம்பும் முன்பாதியில் எட்டுக் குட்டைக் கால்களும் தெரிந்தால் அது டெமோடெக்ஸ், அலர்ஜிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் உதறினால் சொறிப்பூச்சியைச் சந்தேகி. வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ சிவப்புத் தடிப்பு இருக்கிறதா என்று கேள். கேட்காமல் பலர் சொல்லமாட்டார்கள்.

தெள்ளு கண்ணில் படாது, நாயே நக்கி விழுங்கிவிடும். வாலடியிலும் பின்தொடையிலும் முடி உதிர்ந்திருந்தால் நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைத்துப் பார். துருநிறத்தில் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், ஜீரணமான ரத்தம். தெள்ளுக் கடிக்கு அலர்ஜியான நாய்க்குச் சில கடிகளே போதும். ஃப்ளூரலனர் வகை மாத்திரைகள் வந்த பிறகு இந்த வேலை மிக எளிதாகிவிட்டது. வலிப்பு வந்த நாய்க்கு மட்டும் யோசித்துக் கொடு. வீட்டிலுள்ள மற்ற நாய், பூனைகளுக்கும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பயனில்லை. பூனைக்குப் பூனை மருந்துதான். நாய்க்கான பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்தது செல்லோடேப். சிவந்த இடத்தில் ஒட்டி எடுத்துச் சாயம் போட்டுப் பார்க்கச் சில நிமிடமே ஆகும். தொற்று இருந்தால் நிலக்கடலைத் தொலி வடிவில் மலசீசியாவும் உருண்டை உருண்டையாய் ஸ்டஃபிலோகாக்கஸும் நிறையத் தெரியும். அரிப்பில் ஒரு பங்கு இவற்றால் வருவது. மேல்தோலோடு நிற்கும் தொற்றுக்கு உடனே ஆண்டிபயாட்டிக் எழுதாதே, மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாம்தான் வளர்த்து வைத்திருக்கிறோம். குளோரெக்சிடின் ஷாம்புவே பெரும்பாலும் போதும். ஆனால் நுரை 10 நிமிடம் தோலில் இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நிற்கச் சொல். "போட்டோம், கேட்கலை" என்பவர்களில் அதிகம் பேர் போட்ட கையோடு கழுவியவர்கள்.

இதெல்லாம் முடிந்தும் அரித்தால் சாப்பாட்டுக்கு வா. நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். நாய்களில் உணவு அலர்ஜிக்கு அதிகம் காரணமாகக் கண்டிருப்பவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. நம் வீட்டு நாயின் தட்டை நினைத்துப் பார்: காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் கோழிச் சோறு, ராத்திரி தயிர்சாதம். ரத்தப் பரிசோதனையில் எந்த உணவு ஆகாது என்று அச்சடித்துத் தருகிறார்கள். உணவு விஷயத்தில் அதை நம்பாதே. நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதத்தையும் ஒரு மாவுச்சத்தையும் மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. பணம் உள்ளவர்களுக்கு ஹைட்ரோலைஸ்டு உணவு இருக்கிறது. மற்றவர்களுக்கு, மீன் தின்றிராத நாயென்றால் மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் எழுது. வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையலை இப்படி நீட்டிக்காதே, சத்துக் குறையும். பொட்டலத்தில் கோழி இல்லை என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து எதையும் வாங்கச் சொல்லாதே. எழுதாத இறைச்சிகள் உள்ளே இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இந்தப் பத்தியம் தோற்பது வீட்டுக்குள்தான். உன் முன்னால் வந்து உட்காருபவர் பெரும்பாலும் நாய்க்குச் சோறு வைப்பவர் அல்லர். பாட்டி வைப்பார், சமையல் அம்மா வைப்பார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை தன் தட்டிலிருந்து போடும், வாசலில் வாட்ச்மேன் அண்ணன் டீயில் நனைத்த பிஸ்கட்டை நீட்டுவார். எல்லாருமே பாசத்தில் செய்கிறவர்கள். எனவே பாட்டியை ஒருமுறை கிளினிக்குக் கூப்பிடு. நாயின் பாதத்தைத் திருப்பி, எச்சிலில் ஊறிப் பழுப்பேறிய முடியையும் விரலிடுக்கின் சிவப்பையும் காட்டு. "பாட்டி, ரெண்டு மாசம் உங்க கையால தயிர்சாதம் வேண்டாம், நான் சொல்றதை நீங்களே வைங்க" என்று பொறுப்பை அவர் கையிலேயே கொடு. தடை போடுவதைவிட இது பலிக்கும். மெல்லும் மாத்திரைகளில் சேர்க்கும் இறைச்சிச் சுவையையும் மறந்துவிடாதே, நீயே பத்தியத்தை முறித்ததாக ஆகிவிடும்.

அரிப்பு அடங்கிய பிறகு பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். யாரும் சம்மதிக்கமாட்டார்கள், "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். விடாதே. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். திரும்பினால்தான் உணவு அலர்ஜி உறுதி. இல்லாவிட்டால் அந்த நாயை வாழ்நாள் முழுவதும் காரணமில்லாமல் பத்தியத்தில் வைத்திருப்போம்.

பத்தியத்திலும் மாறவில்லை, ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கியது, பாதம், காது, அக்குள், அடிவயிறு என்று அரிக்கிறது என்றால் அது அடோபி. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வருவது. இது தீராது, கட்டுப்படும் என்று முதல் நாளே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அவர்கள் டாக்டர் டாக்டராய் அலைந்து ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஊசி வாங்குவார்கள். அரிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளில் ஓக்லாசிட்டினிப் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதலில் தினம் இருவேளையாக அதிகபட்சம் 14 நாள், பிறகு ஒருவேளை. ஒரு வயது நிறையாத நாய்க்குக் கூடாது. லோக்கிவெட்மாப் ஊசி அரிப்பைத் தூண்டும் இன்டர்லூக்கின் 31ஐ மட்டும் பிடித்துக் கட்டும். சைக்ளோஸ்போரின் வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும், அதையும் முன்பே சொல். செட்ரிசினில் பெரிதாக எதிர்பார்க்காதே. இவற்றுக்கு வசதியில்லாத குடும்பத்துக்குக் குறைந்த அளவு பிரட்னிசோலோனை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துக் கண்காணிப்பது கௌரவமான வைத்தியமே. ஆட்டோ ஓட்டுபவரிடம் அவரால் வாங்க முடியாததை எழுதிக்கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று நாம் நினைக்கக் கூடாது.

மண்ணெண்ணெயோ பழைய எஞ்சின் ஆயிலோ பூசிக் கொண்டுவந்தால் திட்டாதே. நாய் அதை நக்கி உள்ளே போகும் என்று மட்டும் விளக்கு. திட்டு வாங்கியவர் அடுத்த முறை உன்னிடம் உண்மை சொல்லமாட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சிறு நோட்டு கொடு. வாரம் ஒருமுறை அரிப்புக்கு 0 முதல் 10க்குள் மதிப்பெண் போடட்டும், தின்றதையெல்லாம் எழுதட்டும். இரண்டாவது வாரக் கடைசியில் நீயாகவே போன் பண்ணிக் கேள். அரிப்பு இன்னும் குறையாமல், பத்தியம் சலித்துப்போய், விட்டுவிடலாமா என்று அவர்கள் யோசிக்கும் நேரம் அதுதான்.

அன்புடன்,
உன் அண்ணன்